எங்க ஊர்ல அதெல்லாம் கிடையாது

துறைமுக நகரத்தின் பெரிய ஓட்டல் ஒன்றில், வெயில் எட்டிப் பார்க்காத அடித்தளத்தில் சலவைப் பிரிவு இருந்தது. ஆள் உயர இயந்திரங்கள் பொழுதெல்லாம் உருண்டுகொண்டிருக்கும். நீராவியில் சுவர்கள் வியர்த்து வழியும். அங்கே மேற்பார்வை பார்த்தவளை மேனேஜரிலிருந்து லிப்ட் ஓட்டுபவர் வரை எல்லோரும் ‘லாண்ட்ரி அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டியவன் வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்ப் பல காலம் ஆகியிருந்தது. அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினாலும் சிரிப்பாகத்தான் பேசுவாள்.

சில வருஷங்களுக்கு முன் பித்தப்பையில் கல் என்று நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே யார் வந்தாலும், எதற்காக வந்தாலும், எடுக்கிற ரத்தத்தில் எச்.ஐ.வி.யும் பார்த்துவிடுவது வழக்கம். சர்க்கரை பார்க்கிற மாதிரி அதுவும் ஒன்று. அவளுக்கு இருப்பது அப்படித்தான் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்த ஆலோசனைப் பிரிவுப் பெண், குரலைத் தாழ்த்தவும் இல்லை, உயர்த்தவும் இல்லை.

“பிரஷருக்கு மாத்திரை போடுறாங்க இல்ல, அந்த மாதிரி நெனச்சுக்கங்க. தினம் ஒண்ணு. நல்ல நேரத்துல தெரிஞ்சிருக்கு, பயப்படாதீங்க. ஆனா ஒரு நாள்கூட விட்டுடக் கூடாது.”

அவள் விடவில்லை. முதல் சில நாட்கள் இயந்திரங்களுக்கு நடுவே நின்று அழுதாள். அங்கே எல்லோர் முகமும் ஈரமாகத்தான் இருக்கும் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. பிறகு அழுகை நின்றது, உடம்பு தேறியது. சத்து மாத்திரை டப்பாவில் அதைப் போட்டு வைத்துக்கொண்டு, சாப்பிட்டதும் ஒன்றை விழுங்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தன் இடுப்பில் வளர்ந்த தம்பியிடமும் சொல்லவில்லை.

தம்பி இருந்த ஊர் உள்நாட்டில், பஸ்ஸில் ஒரு முழுப் பகல் போகும் தூரத்தில் இருந்தது. புறவழிச் சாலை ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தான். சின்ன வயதில் தெருவில் யார் சைக்கிளுக்கும் ஓடிப்போய்க் காற்றடித்துக் கொடுப்பான் என்று அவனுக்குப் ‘பம்பு’ என்று பெயர் வைத்தார்கள். பெயரே தொழிலாகிவிட்டது. மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். சட்டைகளில் பிசிறு நூலையும் தையல் பிழையையும் தேடுகிற வேலை. நாலாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள் இருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி.

பம்புவுக்கு உடம்பு சரியில்லை என்று போனில் சேதி வர ஆரம்பித்தபோது லாண்ட்ரி அக்கா முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிற்றுப்போக்கு என்றான். டைபாய்டு என்றார்களாம். பிறகு அல்சர். பிறகு ரத்தம் குறைவு. ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர் வந்தது, ஒரு பை மாத்திரை வந்தது, கொஞ்சம் தேறினான், மறுபடி விழுந்தான்.

“எனக்கு நோய்க்குப் பஞ்சமே இல்லக்கா. டாக்டர் கடையில என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் ஒரு ரவுண்டு பாத்துட்டேன்” என்று போனில் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. அன்றே அவள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

கடை வாசலில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தவனைக் கடந்து இரண்டு அடி போன பிறகுதான் அது தம்பி என்று உறைத்தது. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. “என்னக்கா, அடையாளம் தெரியலையா? காத்து இறங்கிடுச்சு, அவ்வளவுதான்” என்று வாயைத் திறந்து சிரித்தான். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளை படர்ந்திருந்தது.

அந்த வெள்ளையை அவள் பார்த்திருந்தாள். மாத்திரை வாங்கப் போகும் இடத்தில், சுவரில் ஒட்டிய படத்தில் பார்த்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரிடமும் பார்த்திருந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்து டயரில் உட்கார்ந்தாள்.

சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பான்.

மறுநாள் காலை அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் முன்னால் ஒரு ஸ்டூல். அதன் பின்னால் வரிசை. வரிசையில் நிற்பவர்கள் எல்லோருக்கும் காது ஸ்டூலில்தான் இருந்தது.

“டாக்டர், எதுக்கும் எல்லா ரத்த டெஸ்ட்டும் எடுத்துப் பாத்துடலாமே” என்றாள்.

“எல்லாம்னா என்னம்மா? அதான் எடுத்தாச்சே.”

“அதில்ல டாக்டர். எல்லாந்தான்…”

நாக்கு நுனி வரை வந்த சொல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்ற ஆள், “பம்பண்ணே, நல்லா சாப்பிடுங்கண்ணே, எல்லாம் சரியாயிடும்” என்றார். டாக்டர் இன்னொரு மாத்திரை எழுதினார்.

மதியம் கூட்டம் கலைந்த பிறகு அவள் மட்டும் திரும்பிப் போனாள். டாக்டர் கைகழுவிக்கொண்டிருந்தார். நடுவயதுக்காரர், காலையிலிருந்து எழுந்திருக்காததில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இந்தத் தடவை நோயின் பெயரைச் சொல்லியே கேட்டாள்.

அவர் துண்டால் கையைத் துடைத்தபடி அவளைப் பார்த்தார். “எங்க ஊர்ல அதெல்லாம் ரொம்ப அபூர்வம்மா. அவரு பொண்டாட்டிக்குப் பிரசவத்தப்போ டெஸ்ட் எடுத்திருப்பாங்க. எடுக்காம விடமாட்டாங்க. ஒண்ணும் இல்லன்னுதானே வந்திருக்கு?”

“அப்போ பொறந்த பொண்ணு இப்போ நாலாவது படிக்குது டாக்டர்.”

அவர் துண்டை ஆணியில் மாட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். “வெளிய, மூலையில ஒரு ரூம் பாத்தீங்களா? அதான் டெஸ்ட் எடுக்கிற இடம். அதுக்குன்னு இருக்கிற ஆளு சுத்துப்பட்டு ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் ஒரே ஆளு. வாரத்துல ஒரு நாள் வருவாரு, வந்தா கர்ப்பிணிகளுக்கே நேரம் போயிடும். எங்க பக்கம் கேஸ் கம்மின்னு டெஸ்ட் கிட் கம்மியா அனுப்புறாங்க. கிட் கம்மியா வர்றதால கேஸும் கம்மியாத்தான் தெரியுது. எழுதிப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.” மேசை மேலிருந்த பேனாவை மூடினார். “நீங்க அவரை நகரத்துக்கே கூட்டிட்டுப் போங்க. ஆனா அவரு சம்மதிக்கணும்.”

அவள் மூலை அறையைப் போய்ப் பார்த்தாள். பூட்டியிருந்தது. எதிரே பெஞ்சில் ஊசிக்குக் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, இந்தக் கதவில் இவளுக்கு என்ன வேலை என்று பார்த்தார்கள். அவள் வழி தவறியவள்போல் நடந்துவிட்டாள்.

நகரத்துக்கு வா, பெரிய டாக்டரைப் பார்க்கலாம் என்று தம்பியை இரண்டு நாள் கெஞ்சினாள்.

“அங்க வந்தா மட்டும் புது வயிறு மாட்டி விடுவாங்களா? கடையைப் பூட்டினா வாடிக்கை எதிர்க் கடைக்குப் போயிடும்க்கா. ஒருதரம் போனா திரும்பி வரமாட்டான்.”

மூன்றாம் நாள் அவனுக்குத் தலைவலி வந்தது. சாதாரணத் தலைவலி இல்லை. ஜன்னலைச் சாத்தச் சொன்னான். துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டான். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. குடித்த தண்ணீர் வாந்தியாக வந்தது. குட்டி பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவன் மனைவி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அக்கா கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

“தம்பி, ஒண்ணு சொல்றேன். கோவப்படாம கேளு. உனக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கணும்டா.”

அவன் துணியை விலக்கினான். அந்தச் சோர்விலும் கண்ணில் கோபம் வந்தது. “என்னைப் பத்தி என்ன நெனச்ச நீ? நான் என்ன அந்த மாதிரி ஆளா? அக்காவாச்சேன்னு பாக்கறேன். வேற யாராவது சொல்லியிருந்தா நடக்கறதே வேற.”

“எனக்கு இருக்குடா.”

அவன் புரியாமல் பார்த்தான்.

“எனக்கு இருக்கு. பல வருஷமாச்சு. உங்க மாமா எனக்குன்னு விட்டுட்டுப் போன ஒரே சொத்து அதுதான். தினம் ஒரு மாத்திரை போடுறேன். என்னைப் பாரு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அங்க சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டாங்க, அதனால இருக்கேன். இங்க உனக்கு யாரும் பாக்கலடா. பாக்கவே இல்ல.”

வாசற்படியில் ஏதோ விழுந்தது. அவன் மனைவி ஈரத்துணி வாளியோடு வந்து நின்றிருந்தாள். வாளி உருண்டு, தண்ணீர் கட்டில் வரை ஓடிவந்தது.

“அண்ணி” என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. “எம் பொண்ணை மடியில போட்டுத் தூங்க வெச்சீங்களே. ஒரே தட்டுல ஊட்டி விட்டீங்களே. ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?”

“அதுலயெல்லாம் ஒட்டாதும்மா. மாத்திரை போட்டா யாருக்கும்…”

“நீங்க பேசாதீங்க. தயவு செஞ்சு பேசாதீங்க.”

சமையலறைக்குள் போனாள். பாத்திரங்கள் தேய்க்கப்படும் சத்தம் கேட்டது. காலையில் தேய்த்து வைத்தவைதான். எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு மறுபடி தேய்த்தாள். லாண்ட்ரி அக்கா தரையில் ஓடிய தண்ணீரைத் துடைத்தாள். வாழ்நாள் பூராவும் ஊரார் அழுக்கைத் துவைத்தவளுக்கு, தன் கை பட்ட தம்ளர்கள் தேய்க்கப்படுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது தாங்க முடியாததாக இருந்தது. எழுந்து பையை எடுத்தாள்.

“அக்கா.” தம்பி கண்மூடியபடி கூப்பிட்டான். “எங்க போற? என்னைக் கூட்டிட்டுப் போறேன்னுதானே வந்த?”

அவள் பையைத் திரும்பக் கீழே வைத்தாள்.

“இத்தனை வருஷம் தனியா வெச்சுக்கிட்டு இருந்தியா?” என்றான். “எங்கிட்டகூட சொல்லாம?”

அன்று பிற்பகலே வேன் பிடித்தார்கள். முன் இருக்கையில் அக்கா. பின்னால் மனைவியின் மடியில் தலை வைத்து அவன். ஜன்னல் ஓரமாகக் குட்டி. வழி முழுக்க அவன் மனைவி ஒரு சொல் பேசவில்லை. குட்டிதான், “அத்தை, கடல் பெருசா இருக்குமா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அத்தை பதில் சொல்லும் முன் தாயின் முகத்தைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் அவன் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். டீ குடித்து முடிக்கும் நேரத்தில் விடை வந்துவிட்டது. ஒன்றரை வருஷமாக டைபாய்டு, அல்சர், சோகை என்று பெயர் மாற்றிக்கொண்டு திரிந்த நோய்க்குச் சொந்தப் பெயர் கிடைக்க அவ்வளவு நேரம்தான் ஆனது.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றிப் பூஞ்சை பரவியிருந்தது. இளவயது டாக்டரம்மா அக்காவை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார். “எதிர்ப்புச் சக்தி கிட்டத்தட்ட மிச்சமே இல்ல. இந்தப் பூஞ்சை அதனாலதான். முதல்ல இதை அடக்கணும். அதுக்கு அப்புறம்தான் எச்.ஐ.வி. மாத்திரையே ஆரம்பிக்க முடியும். இப்பவே கொடுத்தா உயிருக்கு ஆபத்து. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா…” மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை அவர் பலரிடம் பாதியில் நிறுத்தியிருப்பார் என்று தோன்றியது.

மறுநாள் அவன் மனைவிக்கும் குட்டிக்கும் பார்த்தார்கள். குட்டிக்கு இல்லை. தாய்க்கு இருந்தது.

அவள் அந்த அறையிலிருந்து வெளியே வந்து, தாழ்வாரத்தில் நின்ற நாத்தனாரைத் தாண்டி நடந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அக்கா பக்கத்தில் போகவில்லை, தள்ளியே நின்றாள்.

“எனக்கு ஆரம்பத்துலதான் இருக்காம்” என்றாள் அவள், திரும்பாமலேயே. “உடம்புல தெம்பு இருக்காம். இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கலாமாம்.” பிறகு, “அவருக்கு ஏன் இப்படிப் பாக்கல அண்ணி? நான்தானே ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டுப் போனேன். சட்டையில ஒரு நூல் தூக்கிட்டு இருந்தாக்கூட எடுத்து வெச்சுடுவேன். வீட்ல இருந்ததைப் பாக்கலையே நான்” என்றாள்.

“நீ டாக்டரா? டாக்டருக்கே தோணல.”

அப்போதுதான் அவள் அழுதாள். அக்கா கை நீட்டத் தயங்கினாள். அவளாகவே வந்து தோளில் சாய்ந்தாள்.

ஓட்டல் பின்புறத்து ஊழியர் குடியிருப்பில் லாண்ட்ரி அக்காவுக்கு ஒரே அறை. அதில் மூன்று பேரும் தங்கினார்கள். சாப்பிட்டதும் இருவரும் சத்து மாத்திரை டப்பாவிலிருந்து ஆளுக்கொன்று எடுத்துப் போட்டார்கள். குட்டி, எனக்கும் சத்து மாத்திரை வேணும் என்று அடம்பிடித்தாள். முதல் சில நாட்கள் அவன் மனைவிக்குத் தலைசுற்றியது, கண்ட கனவெல்லாம் வந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, போகப் போகச் சரியாகிவிடும் என்று அக்கா சொல்ல முடிந்தது. தனக்கு அப்படிச் சொல்ல யாரும் இருந்ததில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் பம்பு கொஞ்சம் தேறினான். தலைவலி குறைந்தது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். கண் மட்டும் மங்கிக்கொண்டே வந்தது.

“அக்கா, நீ எந்தப் பக்கம் உக்காந்திருக்க?”

“இந்தப் பக்கம்டா.”

“ரோடு போடுற கம்பெனிக்கு டயர் வேலைக்குப் போனேனே, குட்டி பொறந்த அடுத்த வருஷம். அந்த கேம்ப்ல…”

“நான் கேக்கலையே.”

“நீ கேக்கல. நான் அவகிட்ட சொல்லிட்டேன். காலையில.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “ஒண்ணுமே சொல்லல அவ. தலையைச் சீவி விட்டுட்டுப் போனா. அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம்.”

இன்னொரு நாள், அவளுக்கு மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு எப்போது என்று கேட்டான். சீக்கிரம் என்றார் டாக்டரம்மா. ரேஷன் கடையில் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது என்று சிரித்தான். அந்த வாரக் கடைசியில் மறுபடி தலைவலி வந்தது, கூடவே வலிப்பும். அவனுக்கான முதல் எச்.ஐ.வி. மாத்திரை வரும் முன்பே, ஒரு காலை வேளையில், பார்வை நேரத்துக்குக் கதவு திறக்கக் காத்திருந்த மனைவியிடமும் அக்காவிடமும் நர்ஸ் வந்து விஷயத்தைச் சொன்னாள்.

உடலை ஊருக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்காய்ச்சல் என்று சொன்னார்கள். பொய் இல்லை; முழு உண்மையும் இல்லை. நல்ல மனுஷன், இந்த வயதில் இப்படியா என்றது ஊர். ஆஸ்பத்திரி டாக்டரும் வந்து ஓரமாக நின்றார். கிளம்பும்போது அக்காவிடம், “அதுதானா?” என்று மட்டும் கேட்டார். அவள் தலையசைத்தாள். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.

நகரத்திலேயே இருந்துவிடு, சலவைப் பிரிவில் வேலை வாங்கித் தருகிறேன் என்று அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள். தம்பி மனைவி வரவில்லை. குட்டியின் பள்ளிக்கூடம், கம்பெனி வேலை, அவன் இருந்த வீடு. மாத்திரைக்கு மட்டும் குறித்த தேதிகளில் நகரத்துக்கு வந்து போனாள். உள்ளூரில் வாங்கினால் வாங்குவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். நாத்தனாரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவாள். புருஷன் போன பிறகும் நாத்தனாரோடு இவ்வளவு பாசமா என்று அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொண்டார்கள்.

ஒரு தடவை வந்தவள், திரும்பும்போது பஸ் நிலையத்தில் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தாள். அக்கா துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

செக்கிங் மேசையில் பக்கத்தில் உட்காரும் பெண்; பல வருஷப் பழக்கம். அவள் புருஷனுக்கும் ஓயாத காய்ச்சல், வயிற்றுப்போக்கு. டைபாய்டு என்றார்களாம், இப்போது அல்சர் என்கிறார்களாம்.

“கேட்டுக்கிட்டு இருக்க முடியல அண்ணி. சாப்பாட்டு நேரத்துல தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிட்டேன். இந்த டெஸ்ட்ட எடுன்னேன். உனக்கு எப்படித் தெரியும்னா. எனக்கும் இருக்குன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

“சாப்பாட்டு டப்பாவை மூடிட்டு எழுந்துட்டா. அடுத்த நாள் வேற மேசைக்கு மாத்தி வாங்கிட்டுப் போயிட்டா. இப்போ கம்பெனி பூரா தெரியும்னு நினைக்கறேன். நான் குழாய்ல தண்ணி புடிச்சா, கழுவிட்டுத்தான் அடுத்த ஆளு புடிக்கறாங்க. நான் அன்னைக்குத் தேச்ச மாதிரியே தேய்க்கறாங்க.”

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவிக் கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஆனா போனாளாம் அண்ணி” என்றாள். “புருஷனைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். மூலை ரூம் பூட்டியிருந்துச்சாம். டெஸ்ட் எடுக்கிற ஆளு அந்த வாரம் வரவே இல்லையாம்.”

“அப்புறம்?”

“தெரியல. எங்கிட்ட பேசறதில்லையே. நாளைக்கு அவ வீட்டுக்கே போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். கதவைத் தொறப்பாளோ மாட்டாளோ.”

பஸ் உறுமியது. அவள் மாத்திரைப் பையை மாற்றுத் துணிக்கு அடியில் வைத்து அழுத்திவிட்டு, படியேறி உள்ளே போனாள்.